எர்த் ஒயரை மாற்றாமல் விட்டது பற்றி

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண், தெரு எல்லாம் மேலே உள்ள கட்டங்களில் எழுதியாகிவிட்டது. வயது ஐம்பத்தேழு. தொழில், வண்டிகளுக்கு மின்சார வேலை பார்ப்பது. முப்பத்தோரு வருடமாக ஒரே பட்டறையில், ஒரே ஷட்டருக்குப் பின்னால் பார்த்து வருகிறேன். இடது கண்ணில் புரை விழுந்திருக்கிறது. அதற்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை, எழுத்தர் கேட்டதால் சொல்கிறேன். இன்று காலை பத்தே கால் மணிக்கு யாரும் கூப்பிடாமல், யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்தேன். வீட்டில் மனைவியிடம் பட்டறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

படகு ட்ரெய்லர் மோதிய வழக்கில் எதிரியாகக் காட்டப்பட்டிருக்கும் படகுக்காரன் என் மச்சினன், அதாவது என் மனைவியின் தம்பி. ஏரியில் ஆட்களைப் படகில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவது அவனுடைய பிழைப்பு. படகை ஏரிக்கரையில் விட்டால் களவு போகும் என்று வீட்டு முற்றத்தில்தான் வைத்திருப்பான். தினமும் அதை இரண்டு சக்கர ட்ரெய்லரில் ஏற்றி, வேனுக்குப் பின்னால் பூட்டி, பதினொரு கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு போய், சாயங்காலம் திரும்ப இழுத்து வருவான். அவன் சுபாவத்தையும் எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ஆள் அவன். ஈ காக்கா இல்லாத ரோட்டிலும் இண்டிகேட்டர் போட்டுத்தான் திரும்புவான். அடுப்படியிலிருந்து கூடத்துக்குத் திரும்பும்போதுகூட என் தம்பி சிக்னல் போடுவான் என்று என் மனைவி கிண்டல் செய்வாள்.

அந்த ட்ரெய்லரின் பின்விளக்குகள் இந்த மாதத்தில் மூன்று தடவை கெட்டுப்போயின. மூன்று தடவையும் நான்தான் போய்ப் பார்த்தேன். வேறு யாரும் அதில் கை வைக்கவில்லை.

முதல் தடவை மூன்றாம் தேதி. இடது இண்டிகேட்டர் எரியவில்லை என்று மச்சினன் போன் செய்தான். எனக்குப் போன் செய்தால் "மாமா, கோவிச்சுக்காதீங்க" என்றுதான் ஆரம்பிப்பான். போய்ப் பார்த்ததில் பல்பு போயிருந்தது. படகை இறக்க ட்ரெய்லரைப் பின்பக்கமாகத் தண்ணீருக்குள் விடுவார்கள். அப்போது விளக்கும் தண்ணீருக்குள் போகும். சூடாக எரிந்துகொண்டிருக்கும் பல்பு குளிர்ந்த தண்ணீரில் முங்கினால் விரிசல் விடும். அதனால் தண்ணீருக்குள் இறக்குவதற்கு முன்னால் வேனிலிருந்து வரும் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் புதுப் பல்பு போட்டேன். அவன் அதை ஒரு அட்டையில் எழுதி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தான். அதன் பிறகு ஒரு நாளும் மறந்ததில்லை.

இரண்டாம் தடவை எட்டாம் தேதி. வேனுக்குள் இண்டிகேட்டர் வழக்கத்தைவிட இரட்டை வேகத்தில் டிக் டிக் என்று அடிக்கிறது என்றான். ஒரு பக்கத்து விளக்குக்கு மின்சாரம் போகாவிட்டால் அப்படி அடிக்கும். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். பல்பு உட்காரும் குழியில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. உப்புத்தாளால் சுரண்டிவிட்டு, மேலே கொஞ்சம் வாசலின் தடவி மூடினேன். முக்கால் மணி நேர வேலை. மழை தூறிக்கொண்டிருந்ததால் மச்சினன் எனக்குக் குடை பிடித்துக்கொண்டே நின்றான். அவன் முதுகு முழுக்க நனைந்துவிட்டது.

மூன்றாம் தடவை பன்னிரண்டாம் தேதி, வியாழக்கிழமை. அன்று காலை ஏழு மணியிலிருந்து ஒரு லாரிக்கு முழு ஒயரிங் மாற்றிக்கொண்டிருந்தேன். லாரிக்காரர் தலைமாட்டில் நின்று அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார். மத்தியானச் சாப்பாட்டை நாலு மணிக்குச் சாப்பிட்டேன், அதுவும் நின்றுகொண்டே. ஷட்டரைப் பாதி இறக்கிய நேரத்தில் மச்சினன் போன் வந்தது.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. மறுபடியும் அது வேலையக் காட்டுது. வலது பக்கம் போட்டா ரெண்டு பக்கமும் லேசா மினுங்குது."

கேட்டவுடனே எனக்கு என்ன கோளாறு என்று தெரிந்துவிட்டது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். கேட்டவுடனே தெரிந்தது.

காவல் ஆய்வாளர் ஐயா புரிந்துகொள்வதற்காகச் சொல்கிறேன். விளக்குக்குப் போகிற மின்சாரம் திரும்பி வர ஒரு வழி வேண்டும். அந்த வழிக்கு எர்த் என்று பெயர். ட்ரெய்லரில் அதற்கென்று தனியாக ஒரு வெள்ளை ஒயர் உண்டு. அது எங்கேயாவது அறுந்துபோனால் மின்சாரம் வழி தெரியாமல் பக்கத்து விளக்கு வழியாகத் திரும்பப் பார்க்கும். அப்போதுதான் ஒன்றைப் போட்டால் இரண்டும் மங்கலாக எரியும். மச்சினன் வீட்டுக்குப் போய் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தேன், நினைத்தது சரியாக இருந்தது. ட்ரெய்லரின் சட்டம் இரும்புக் குழாய். வெள்ளை ஒயர் அந்தக் குழாய்க்குள் ஓடுகிறது. உள்ளே ஏதோ ஓர் இடத்தில் தண்ணீர் நின்று அரித்து அறுந்திருக்கிறது. சரிசெய்ய வேண்டுமானால் படகை ட்ரெய்லரிலிருந்து இறக்கி, அடியில் மல்லாந்து படுத்து, பழைய ஒயரை உருவிவிட்டுப் புது ஒயர் இழுக்க வேண்டும். இரண்டு மணி நேரம் பிடிக்கும், கூட நாலு ஆள் வேண்டும்.

மச்சினன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு அவனாகவே கேட்டான்.

"படகை எறக்கணுமா மாமா? எறக்கணும்னா சொல்லுங்க, பக்கத்து வீட்டு ஆளுங்களக் கூப்பிடுறேன். நாளைக்கு வர்றவங்ககிட்ட ஒரு மணி நேரம் லேட்டாகும்னு சொல்லிக்கலாம்."

நான் "வேணாம், இது போதும்" என்றேன்.

அதன் பிறகு நான் செய்ததை விவரமாகச் சொல்கிறேன். வேனின் பின்னால் ஓர் இரும்புக் குண்டு இருக்கிறது. ட்ரெய்லரின் முன்மூக்கில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒன்று இருக்கிறது. கிண்ணம் குண்டின்மேல் உட்கார்ந்துதான் ட்ரெய்லர் இழுபடும். இரும்பும் இரும்பும் தொட்டால் அதன் வழியாகவும் எர்த் கிடைக்கும். நான் குண்டையும் கிண்ணத்தின் உட்புறத்தையும் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினேன். பழைய கிரீஸ் ஒரு பொட்டு இல்லாமல் துணியால் துடைத்தேன். ட்ரெய்லரைப் பூட்டி விளக்குகளைப் போட்டுப் பார்த்தோம். மச்சினன் வேனில் உட்கார்ந்து இடது, வலது, பிரேக் என்று ஒவ்வொன்றாகப் போட, நான் பின்னால் நின்று "எரியுது, எரியுது" என்று குரல் கொடுத்தேன். எல்லாம் கண்ணைப் பறிக்கிற மாதிரி எரிந்தன. வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது.

இதற்கு எங்கள் தொழிலில் ஒப்பேற்றுவது என்று பேர். வண்டி பட்டறையிலிருந்து வீடு போய்ச் சேரும் வரைக்கும் செய்கிற வேலை இது. ரோட்டில் ஓடவிடுகிற வேலை இல்லை. குண்டும் கிண்ணமும் எப்போதும் ஒரே இடத்தில் தொட்டுக்கொண்டிருக்காது. குழியில் விழுந்தால் விலகும். வண்டி திரும்பினால் கிண்ணமும் குண்டின்மேல் திரும்பும். நேராக நிற்கும்போது நன்றாக எரிகிற விளக்கு, சரியாகத் திரும்புகிற நேரத்தில் அணைந்துபோகலாம். முப்பத்தோரு வருடத்தில் பட்டறையில் வேலை கற்றுக்கொள்ள வந்த அத்தனை பேரிடமும் நான் இதைச் சொல்லியிருக்கிறேன். வண்டியை ஒடித்து, அதாவது திரும்பின நிலையில் நிறுத்தித்தான் இண்டிகேட்டரைச் சோதிக்க வேண்டும் என்பது என் பட்டறைச் சட்டம். அன்று வேனை நேராக நிறுத்தித்தான் சோதித்தேன். ஒடித்து நிறுத்திப் பார்த்தால் என்ன ஆகும் என்று தெரிந்ததால்தான் பார்க்கவில்லை.

"சரியாயிடுச்சா மாமா?" என்று மச்சினன் கேட்டான்.

"சரியாயிடுச்சு. போ" என்றேன்.

உள்ளே ஒயர் இன்னும் அறுந்துதான் கிடக்கிறது என்று சொல்லவில்லை. அந்தக் குண்டில் கிரீஸ் வைக்காதே என்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் "அப்ப ஏன் மாமா?" என்று ஆரம்பிப்பான். அவன் ஆரம்பித்தால் லேசில் விடமாட்டான். அப்போதே ஆளைக் கூப்பிட்டுப் படகை இறக்கியிருப்பான். எனக்கு அன்று முழங்கால் இரண்டும் விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. குளித்துவிட்டுப் படுத்தால் போதும் என்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமை நிதானமாக வந்து ஒயர் இழுத்துக்கொள்ளலாம், இரண்டு நாளில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வரைக்கும் தூங்கினேன். எழுந்த பிறகும் போகவில்லை.

அதற்கிடையில் சனிக்கிழமை அந்தக் குண்டு திரும்பும்போதெல்லாம் கிரீச் கிரீச் என்று கத்தியிருக்கிறது. காய்ந்த இரும்பு கத்தத்தான் செய்யும். அக்கறையான ஆள் என்ன செய்வான்? மச்சினன் ஒரு டப்பா புதுக் கிரீஸ் வாங்கிக் குண்டு முழுவதும் வழியவழியத் தடவியிருக்கிறான். கிரீஸ் நடுவில் வந்தால் இரும்பும் இரும்பும் தொடாது. நேராக நிற்கும்போது பாரம் அழுத்துகிற இடத்தில் மட்டும் கிரீஸ் நசுங்கி விலகி, கொஞ்சம் தொடும். திரும்பினால் கிண்ணம் கிரீஸ்மேல் ஏறிவிடும். இதெல்லாம் அவனுக்குத் தெரிய நியாயமில்லை.

பதினாறாம் தேதி திங்கட்கிழமை காலை எட்டு நாற்பது மணிக்குப் பெட்ரோல் பங்குக்கு எதிரே உள்ள திருப்பத்தில் விபத்து நடந்தது. நான் நேரில் பார்க்கவில்லை. அங்கே ரோடே வளைவு, சிக்னல் போடுகிற இடத்திலிருந்தே வண்டி ஒடிந்துதான் ஓடும். மச்சினன் வேனை வலது பக்கம் திருப்பியிருக்கிறான். பின்னால் ஸ்கூட்டரில் வந்த தையல்கடை அம்மா ஒருவர், வேனின் சொந்த விளக்குகளைப் படகு மறைத்ததால், வேன் நேராகப் போகிறது என்று நினைத்து வலது பக்கமாக முந்தப் போயிருக்கிறார். ட்ரெய்லரின் சக்கரம் அவருடைய வலது கால்மேல் ஏறிவிட்டது. தைத்துக் கொடுக்க எடுத்துப்போன துணிமூட்டை ரோடு முழுக்கச் சிதறிக் கிடந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். மச்சினன்தான் அவரைத் தூக்கி வேனில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். ட்ரெய்லரைக் கழற்றக்கூட நிற்காமல் படகோடு இழுத்துக்கொண்டே போயிருக்கிறான்.

அன்று மத்தியானம் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த அம்மாவை எனக்கு முன்பின் தெரியாது. படகுக்காரனின் சொந்தக்காரர் என்று மட்டும் சொல்லிக்கொண்டு கட்டிலோரம் நின்றேன். கணுக்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிவிட்டது, பாதம் தங்குமா என்று பத்து நாள் போனால்தான் தெரியும் என்று டாக்டர் சொன்னார். அந்த அம்மா மிதி தையல் மெஷினில் வேலை செய்கிறவர். அவர் அழவில்லை. என்னிடம் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"சிக்னல் எரியலண்ணே. எரிஞ்சிருந்தா நான் ஏன் பக்கத்துல போறேன்? நான் போன் பாத்துட்டு வந்தேன்னு எல்லாரும் பேசிக்கிறாங்க. என் போன் காலைலேருந்து வீட்டுல சார்ஜ்ல கெடக்குது."

நான் "சரிம்மா" என்றேன். வெளியே வராண்டாவில் மச்சினன் சட்டையெல்லாம் ரத்தத்தோடு உட்கார்ந்திருந்தான். "நான் போட்டேன் மாமா. சத்தியமா போட்டேன். உள்ள டிக் டிக்னு சத்தம் கேட்டுச்சு" என்றான். இரண்டு பேரும் சொன்னது உண்மை. இரண்டும் உண்மையாக இருக்க முடியும் என்று தெரிந்த ஒரே ஆள் நான். நான் வீட்டுக்குப் போய்விட்டேன்.

அதன் பிறகு செவ்வாய்க்கிழமை வாகன ஆய்வாளர் வந்து நிலையத்து வளாகத்தில் வேனையும் ட்ரெய்லரையும் சோதித்து, பிரேக், டயர், விளக்குகள் அனைத்தும் நல்ல நிலையில் உள்ளன என்று எழுதிக்கொடுத்தார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. வண்டி நேராக நின்றது. விளக்குகள் எரிந்தன. அந்த ஒரு தாளுக்குப் பிறகு மச்சினன் சிக்னல் போடாமல் திரும்பினான் என்று ஆகிவிட்டது. ஓட்டுநர் உரிமமும் படகில் ஆள் ஏற்றுகிற அனுமதியும் சேர்ந்தே போகும், சிறைக்கும் போக வேண்டியிருக்கும் என்று வக்கீல் சொன்னார். குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்றும் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என் மனைவி என்னிடம் நேராகவே கேட்டாள்.

"உங்க வேலை சரியாத்தானே இருந்துச்சு?"

"சரியாத்தான் இருந்துச்சு" என்றேன்.

அவள் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருபத்தெட்டு வருடமாக என் வேலைமேல் அவளுக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. அடுத்த நிமிடமே போனை எடுத்துத் தம்பியைப் பிடித்துக்கொண்டாள். "இதுல அவரையும் இழுத்து விடாத. மறந்துட்டேன்னா மறந்துட்டேன்னு சொல்லித் தொலை. பெரிய மனுஷன் மூணு தடவ வந்து பாத்துக் குடுத்திருக்காரு" என்று கத்தினாள். நான் பக்கத்து அறையில் செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் நிலையத்து வளாகத்துக்கு வந்து ட்ரெய்லரைப் பார்த்தேன். வேனோடு பூட்டினபடியே நின்றது. கிண்ணத்தின் விளிம்பில் கறுப்புக் கிரீஸ் பிதுங்கி நின்றது. அதுவரைக்கும் வேறு ஏதாவது காரணமாக இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். என் பையில் துணி இருந்தது. ஐந்து நிமிடம் கிடைத்தால் கழற்றித் துடைத்துப் பூட்டிவிடலாம். அதன் பிறகு யார் எப்படிச் சோதித்தாலும் என் வேலை சுத்தமாகவே தெரியும். கை பைக்குள் போனது உண்மை. அப்போது காவலர் ஒருவர் "என்னங்க அங்க?" என்று கேட்டார். "சும்மா, நம்ம வண்டிதான்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன். அவர் கேட்காமல் இருந்திருந்தால் துடைத்திருப்பேனா என்று ஐயா கேட்டார். தெரியவில்லை என்று எழுதிக்கொள்ளவும்.

நேற்று, வியாழக்கிழமை, மச்சினன் எங்கள் வீட்டுக்கு வந்தான். நாலு நாளில் ஆள் பாதியாகிவிட்டான். என் மனைவி தட்டை வைத்துச் சோறு போட்டுவிட்டு, போட்ட கையோடு மறுபடி ஆரம்பித்தாள். எப்போதும் அக்காவுக்கு எதிர்ப்பேச்சுப் பேசுகிறவன் நேற்று பேசவில்லை.

"சரிக்கா. நாளைக்குப் பதினோரு மணிக்குப் போயி ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுடுறேன். விடு" என்றான்.

அவள் அடுப்படிக்குப் போன பிறகு என் பக்கம் திரும்பினான். அவன் கை சாப்பாட்டில் இல்லை. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கிற இண்டிகேட்டர் தண்டைத் தட்டுகிற மாதிரி விரல் காற்றில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. அவனுக்கே அது தெரியவில்லை.

"ஒருவேள நான் போடவே இல்லையோ மாமா? தெனமும் போடுறதால அன்னைக்கும் போட்ட மாதிரி எனக்கு ஒரு நெனப்பு மட்டும் இருக்கோ? அந்த அம்மா எதுக்குப் பொய் சொல்லப் போறாங்க? ஆபீசரும் லைட்டெல்லாம் நல்லா இருக்குன்னு எழுதிட்டாரு. எல்லாரும் சொல்றாங்க. அப்ப எனக்குத்தான் புத்தி பெசகிடுச்சு போல."

நான் "முதல்ல சாப்பிடு" என்றேன். அவன் சாப்பிட்டான். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டு ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டான். அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. இத்தனை நாள் அவன் சிறைக்குப் போவானே என்றுதான் எனக்கு உறுத்தலாக இருந்தது. நேற்றுத்தான் அதைவிட மோசமான ஒன்றை அவனுக்குச் செய்துகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. தன் கையையே நம்பாத ஆளாக அவனை ஆக்கிவிட்டேன். அவன் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வந்துவிட வேண்டும் என்றுதான் இன்று பத்தே கால் மணிக்கு வந்தேன்.

இதுவரை சொன்னதை எழுதிக்கொண்ட பிறகு ஆய்வாளர் ஐயா, "எல்லாம் பாத்தாச்சுங்க. லைட்டு எரியுதுன்னு ரிப்போர்ட்டே இருக்கு" என்றார். நான், "நேரா நிறுத்திப் பாத்திருப்பாங்க ஐயா. வலது பக்கம் ஒடிச்சு நிறுத்திப் பாருங்க" என்றேன். அவர் இந்த இடத்தில் எழுத்தை நிறுத்தச் சொல்லி எழுந்தார். எல்லாரும் வளாகத்துக்குப் போனோம். அப்போது மணி பதினொன்று ஐந்து. மச்சினன் வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். "நீங்க எதுக்கு மாமா அலையுறீங்க?" என்று கேட்டான்.

நிலையத்து ஓட்டுநர் வேனில் ஏறி வலது இண்டிகேட்டரைப் போட்டார். எரிந்தது. அப்படியே ஸ்டியரிங்கை ஒடித்து மெதுவாக நகர்த்தினார். இரண்டு தடவை சிமிட்டியது. மூன்றாவது தடவை சிமிட்டவில்லை. வேனுக்குள் மட்டும் டிக் டிக் என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. நேராக்கியதும் பின்விளக்கு மறுபடி எரிந்தது. ஆய்வாளர் ஐயா இன்னொரு தடவை செய்யச் சொன்னார். அதே மாதிரி நடந்தது. அதன் பிறகு மச்சினன் ஓட்டுநரின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, ஒரே ஒரு தடவ. எனக்காக" என்றான். மூன்றாவது தடவையும் அணைந்தது.

அவன் வளாகத்து நடுவிலேயே போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டான். "நான் போட்டேன்க்கா! போட்டேன்! போட்டேன்!" என்று கத்தினான். அழுதான். சிரிக்கவும் செய்தான். எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்டிருக்க வேண்டும். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். போனை அப்படியே கீழே இறக்கினான். உள்ளே அவள் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மாமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"அன்னைக்கு எரியுது எரியுதுன்னு சொன்னேன்ல, அப்பவே."

அவன் என்னை அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவன் ட்ரெய்லரின் மூக்குக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பிதுங்கியிருந்த கிரீஸை விரலால் தொட்டுப் பார்த்தான். "கிரீஸ் நான்தானே வச்சேன்? அதனாலதானே அணைஞ்சுது?" என்றான். அந்த நேரத்திலும் எனக்கு ஒரு வழி விடப் பார்த்தான். "வைக்காதேன்னு சொல்ல வேண்டியது நான்" என்றேன். அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை. உள்ளே வந்து மறுபடி உட்கார்ந்து மீதியைச் சொல்லி முடித்தேன்.

எழுத்தர் எல்லாவற்றையும் எனக்கு வாசித்துக் காட்டினார். ஓர் இடத்தில் "நான் கவனக்குறைவால் எர்த் ஒயரை மாற்றாமல் விட்டுவிட்டேன்" என்று எழுதியிருந்தார். அதை மாற்றச் சொன்னேன். ஆய்வாளர் ஐயா எழுத்தரைக் கையமர்த்திவிட்டு, "கவனக்குறைவுன்னு இருந்தா ஒரு மாதிரி போகும். தெரிஞ்சே விட்டேன்னு வந்தா கேசு வேற மாதிரி ஆயிடும். வயசான காலத்துல யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். எனக்கு அன்று கவனம் குறையவில்லை. கோளாறு எது, எங்கே, எவ்வளவு நேரத்து வேலை, செய்யாவிட்டால் எப்போது அணையும் என்று எல்லாம் தெரிந்திருந்தது. அசதியாக இருந்தது, அவ்வளவுதான். இதே அசதியில் போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் எத்தனை வண்டிகளை இப்படி அனுப்பினேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது. அவை எல்லாம் இப்போதும் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து அதைக் கவனக்குறைவு என்று சொல்ல என்னால் முடியாது என்றேன். ஐயா தலையசைத்ததும் எழுத்தர் அந்த வார்த்தையைக் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டு, அதற்கு மேல் "தெரிந்தே" என்று எழுதினார்.

இதில் உள்ளது அத்தனையும் நான் என் வாயால் சொன்னது, நடந்தது நடந்தபடி. மேலே ஒரு வார்த்தை அடித்துத் திருத்தப்பட்டிருக்கிறது. திருத்தச் சொன்னது நான்தான் என்பதற்கு அந்த வரிக்கு நேராக ஓரத்தில் முதலில் ஒரு கையெழுத்தும், பிறகு கீழே ஒரு கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)